அந்திமக் காலத்திலும் கையில் உழவாரம்

(திருநாவுக்கரசு சுவாமிகள் குருபூசைத் திருநாளான சித்திரைச் சதயத்தன்று நமது ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அடியேன் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்று, புகுமுக வகுப்பின் வழியாக இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, இன்று அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஊழியன். திருமுறையில் எனக்குள்ள பயிற்சியெல்லாம் எங்கள் தோட்டப்பள்ளித் தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமைதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனனம் செய்வித்ததுதான். நமது செயலாளர் என்னை அணுகி, "இறுதிவரை இறைவனை மறவாதிருத்தல் என்னும் பொருளில் பேசுங்கள், இருபது நிமிடம் போதும், அன்னதானம் ஆறிவிடக் கூடாது" என்றார். அந்த எச்சரிக்கையை நெஞ்சில் நிறுத்திக்கொண்டே பேசுகிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

நம் ஆலயத்தில் நால்வர் பெருமக்கள் வரிசையாக எழுந்தருளியிருக்கின்றனர். நாள்தோறும் வணங்குகிறோம். ஆனால் அவர்களுடைய வயதை எண்ணிப் பார்த்ததுண்டா? வழிவழியாக நம் முன்னோர் சொல்லிவரும் கணக்கின்படி, ஞானசம்பந்தப் பெருமான் இவ்வுலகில் வாழ்ந்தது 16 ஆண்டுகள். சுந்தரமூர்த்தி சுவாமிகள் 18 ஆண்டுகள். மணிவாசகப் பெருமான் 32 ஆண்டுகள். அப்பர் பெருமானோ 81 ஆண்டுகள். மற்ற மூவரும் இளமையிலேயே இறைவனோடு கலந்துவிட்டார்கள். நரையையும் திரையையும் தளர்ச்சியையும் கண்டவர் அப்பர் ஒருவரே. ஞானக் குழந்தையாகிய சம்பந்தர் அவரை "அப்பரே" என்று அழைத்ததும் அந்த முதுமையைக் கண்டுதானே! ஆகவே முதுமையில் பக்தி என்னவாகும், உடல் ஒத்துழைக்க மறுக்கும்போது தொண்டு என்னவாகும் என்று நால்வருள் எவரையேனும் கேட்க வேண்டுமானால், தோளில் உழவாரத்தைச் சாய்த்து நிற்கும் அந்தக் கிழவரைத்தான் கேட்க வேண்டும். கிழவர் என்று சொன்னதற்காக எவரும் சினங்கொள்ள வேண்டா. உரிமையோடு சொல்கிறேன்.

கேட்கப் புகுந்தால் முதலிலேயே நமக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. இறுதிவரை இறைவனை விடாதவர் என்று நாம் கொண்டாடும் அப்பர், நடுவிலே அவனை விட்டவர். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாகப் பிறந்து, மருள்நீக்கியார் என்னும் பெயரோடு வளர்ந்தவர், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, தருமசேனர் என்னும் பட்டத்தோடு அங்கே தலைமை பெற்று விளங்கினார் என்று சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்திலே மறைக்காமல் சொல்கிறார். நான் இங்கே சமண சமயத்தைக் குறை கூற வரவில்லை. தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்த ஓர் இளைஞர், உலக வாழ்வின் நிலையாமையைக் கண்டு மனம் நொந்து, உண்மையைத் தேடி ஒரு வழியில் சென்றார். தேடியவரைப் பழிக்கலாகாது. நான் சுட்ட வருவது வேறு. அவர் சென்ற அந்த நெடுங்காலத்தில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

திருவதிகை வீரட்டானத்திலே அவருடைய தமக்கையார் திலகவதியார், நாள்தோறும் பொழுது புலருமுன் எழுந்து, திருக்கோயிலை அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். அந்த அம்மையாரின் வாழ்க்கையை நினைத்தால் நெஞ்சு கலங்குகிறது. மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தாமும் உயிர் விடத் துணிந்தவரைத் தம்பியார் காலில் விழுந்து தடுத்தார். தம்பிக்காகவே உயிர் தாங்கினார் அம்மையார். அந்தத் தம்பியே வேறு வழியில் போய்விட்டார். இந்த நிலையில் வேறு எவராயிருந்தாலும் இறைவனோடு வழக்காடியிருப்பர். திலகவதியாரோ துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. தம்பியை மீட்டருள வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கூட்டினார்.

சூலை நோய் வந்தது. மந்திரமும் மயிற்பீலியும் பயன்தரவில்லை. தமக்கையாரைத் தேடி இரவோடு இரவாகத் தம்பியார் வந்து சேர்ந்தார். இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று அம்மையார் கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. திருநீற்றை அளித்தார். திருப்பள்ளியெழுச்சி வேளையிலே அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியையும் அழைத்துச் சென்றார். அந்த வழக்கம்போல் என்ற சொல்லைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் வழக்கத்தை விட்டிருந்தால், தம்பி திரும்பி வந்தபோது அழைத்துச் செல்ல ஏது கோயில், ஏது வேளை?

எங்கள் அலுவலகத்தில் பணிமுறிவு என்று ஒன்றுண்டு. நடுவிலே பணியை விட்டுப் போய்த் திரும்பி வந்தவரின் கோப்பு மேசைக்கு வந்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். இந்த நாளிலிருந்து அந்த நாள்வரை என்ன ஆயிற்று, எவர் அனுமதி கொடுத்தார், கணக்கில் சேருமா சேராதா என்று ஆயிரம் கேள்விகள் எழும். அப்பர் பெருமானின் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் நிச்சயம் ஒரு சிவப்புக் குறி இட்டிருப்பேன். நல்லவேளை, அந்தக் கோப்பு திருவதிகைப் பெருமானிடம் போயிற்று. அவனோ நாவுக்கரசு என்று பெயர் சூட்டி, முறிவையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டான்.

என் தந்தையாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சொந்தக் கதை பேச இது இடமா என்று எண்ணாதீர்கள். இந்தப் பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவர் வழியாகத் தெரிந்ததுதான்.

அப்பா பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய தொழிலாளி. எழுத்து வாசனை மிகக் குறைவு. தேவாரம் பாடத் தெரியாது. ஆனால் 20 வயதிலிருந்து தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கூட்டிப் பெருக்குவது அவர் வேலை. எவரும் கொடுத்த வேலையன்று, அவரே எடுத்துக்கொண்டது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, குளித்து, கோயில் வாசலைக் கூட்டிவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கூட்டி முடிப்பதற்குள் பின்னாலேயே மீண்டும் சருகு விழும். "எதுக்குப்பா மறுபடி மறுபடி கூட்டுறீங்க?" என்று சிறுவனாயிருந்தபோது கேட்டிருக்கிறேன். "அது விழுறது அது வேலை, நான் கூட்டுறது என் வேலை" என்பார்.

1993ஆம் ஆண்டு நான் புகுமுக வகுப்பில் இருந்தபோது அம்மா நோயுற்றுக் காலமானார். காரியம் முடிந்த மறுநாள் காலை நாலரை மணிக்கு அப்பா எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் எழுந்திருக்கவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. திருவிழாக் காலத்தில்கூட லயத்து வீட்டுத் திண்ணையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோட்டத்தில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். ஆத்தாளைக் கும்பிட்டு என்ன கண்டேன் என்று அவர் ஒருமுறை சொன்னது என் காதில் விழுந்தது. அது இறைவனை மறந்தவரின் பேச்சா, மறக்க முடியாதவரின் பேச்சா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று ஓரளவு தெரிகிறது.

அந்த மூன்று ஆண்டும் கோயிலைக் கூட்டியவர் என் அத்தை. அப்பாவின் தங்கை. இரண்டு வீடு தள்ளி இருந்தார். கோயிலுக்கு வாங்க என்று அண்ணனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் சொன்னால்கூட "அண்ணனை விடுங்கடா" என்று அதட்டுவார். 1996ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அத்தைக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. விடியலில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணே, இன்னைக்கு எனக்கு முடியல. ஒரு நாளைக்கு நீங்க கூட்டிப் பெருக்கிட்டு வாங்க" என்று விளக்குமாற்றைத் திண்ணையில் சாய்த்துவிட்டுப் போனார். அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். கனவும் இல்லை, அசரீரியும் இல்லை. மறுநாளும் அவரே போனார். அத்தை விளக்குமாற்றைத் திரும்பக் கேட்கவில்லை.

திலகவதியார் வரலாற்றைத் தலைமையாசிரியர் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு விளங்காத ஒன்று அன்றுதான் விளங்கியது. இறுதிவரை பக்தி செய்தல் என்பதை ஒரு மனிதர் தனியாகச் செய்துமுடிக்கும் காரியமாகவே நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. ஒருவர் கை சோர்ந்தபோது இன்னொருவர் கை அதைத் தாங்கியிருக்கிறது. நாவுக்கரசரின் பெருவாழ்வுக்குள் அவர் தமக்கையாரின் ஆண்டுகளும் அடங்கியிருக்கின்றன.

அப்பர் பெருமானின் பிற்கால வாழ்வுக்கு வருவோம். நீற்றறையில் இடப்பட்டதும், நஞ்சூட்டப்பட்டதும், யானைமுன் நிறுத்தப்பட்டதும், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டதும் நம் பிள்ளைகள்கூட அறிந்தவை, அவற்றை விரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அத்தகைய சோதனைகளில் ஒரு வேகம் இருக்கிறது. எதிரே பகைவன் நிற்கும்போது உறுதி தானே பிறக்கும். பகைவனும் இல்லை, பார்ப்பவரும் இல்லை, முழங்கால் மட்டும் வலிக்கிறது என்னும் காலத்துச் சோதனைதான் கடினமானது.

அப்படி ஒரு சோதனை அவருக்குக் கயிலைப் பயணத்தில் வந்தது. வயது முதிர்ந்த காலத்தில் கயிலைக் காட்சி காண வேண்டுமென்று வடக்கு நோக்கி நடந்தார். பாதம் தேய்ந்தது, கைகளால் தவழ்ந்தார். கை தேய்ந்தது, மார்பினால் ஊர்ந்தார். மார்பும் நைந்தது, உடம்பைப் புரட்டி உருண்டார். அதுவும் இயலாமல் கிடந்தார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிட உடம்போடு கயிலையை அடைதல் அரிது, திரும்பிச் செல்க என்றான். அவர் இசையவில்லை. பிறகு இறைவன் பணித்தபடி அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர், தமிழ்நாட்டுத் திருவையாற்றுக் குளத்திலே எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. இன்றும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அந்த விழா நடைபெறுகிறது.

"எனக்கு இனி என்ன ஆகும் தம்பி, படி ஏற முடியவில்லை, பழனிக்குப் போகவில்லை, காசிக்குப் போகவில்லை" என்று நம் முதியவர்கள் மனம் நொந்து சொல்லும்போதெல்லாம் இந்த வரலாறு என் நினைவுக்கு வரும். கால் போனால் கை, கை போனால் மார்பு என்று இருப்பதைக்கொண்டு செய்தார் அப்பர். எதுவும் இல்லாதபோது அவன் திருப்பி அனுப்பினான், எங்கே? பழகிய ஊருக்கு. கயிலை அங்கே வந்தது.

இறுதிக் காலம் திருப்புகலூரில். அங்கும் உழவாரத்தை விடவில்லை. அவர் புல் செதுக்கிய இடத்திலெல்லாம் பொன்னும் நவமணிகளும் மின்னும்படி இறைவன் செய்தான். அவரோ புல்லையும் பொன்னையும் ஒன்றாகவே உழவாரத்தில் வாரிக் குளத்தில் எறிந்தார். அரம்பையர் வந்து ஆடினர். அவர் மனம் அசையவில்லை. பொன்னும் பெண்ணும் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு அந்த வயதில் அவ்வளவு பெரிய சோதனை அல்ல என்றே நினைக்கிறேன். நமக்குச் சோதனை பதவி. தலைவராயிருந்தவரை நாள் தவறாமல் வந்தவர்கள், ஆண்டுக் கூட்டத்தில் வாக்குக் குறைந்ததும் அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போய்விடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். நம் ஊரைச் சொல்லவில்லை. தலைவர் சிரிக்கிறார், அதனால் தொடர்கிறேன். உழவாரத்திற்குத் தேர்தல் இல்லை. அதைப் பிடித்தவரை எவரும் பதவியிறக்க முடியாது. அந்தத் திருப்புகலூரிலேதான், இதே சித்திரைச் சதயத்தில், பெருமான் இறைவன் திருவடி சேர்ந்தார்.

இங்கே நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோட்டம் கைமாறி மேம்பாட்டுக்குப் போனபின், 2004ஆம் ஆண்டில் அப்பாவை நகரத்தில் என் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கோயிலுக்கு அழைத்துச் செல்வேன். 2014 வாக்கில் அவருக்கு மறதி நோய் தொடங்கியது. முதலில் சாமான்களின் பெயர் மறந்தது. பிறகு ஊர் மறந்தது. பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தது. ஒருநாள் காரில் இருந்து இறங்கும்போது, "இது யாரு கோயில் தம்பி?" என்று கேட்டார். நான் அவர் மகன் என்பதும் அன்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு ஐயம்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை, தீபாராதனை நடக்கிறது. எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள். அப்பா குனிந்தார். கீழே உதிர்ந்து கிடந்த பூவிதழ்களைக் கையால் கூட்டத் தொடங்கினார். நிற்பவர்களின் காலைத் தட்டி, தோட்டத்துக் குரலில், "காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க" என்றார். மணியோசையையும் மீறிக் கேட்டது. சிலர் விலகினர், சிலர் முகம் சுளித்தனர், பின்னால் இளைஞர் ஒருவர் கைப்பேசியைத் தூக்கினார். என் அலுவலக நண்பர் ஒருவர் குடும்பத்தோடு பக்கத்தில் நின்றார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சற்று அழுத்தியே பிடித்தேன் என்பதை இன்று சொல்லிவிடுகிறேன்.

அதன்பின் அவரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதை நிறுத்திவிட்டேன். மழை என்றேன். போக்குவரத்து நெரிசல் என்றேன். கழிப்பறை வசதி இல்லை என்றேன். அந்தக் கோயிலில் எவரையும் குறை சொல்ல மாட்டேன். அழைத்து வராதே என்று எவரும் சொல்லவில்லை. நிறுத்தியவன் நான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். வெள்ளிக்கிழமை என்பது அவருக்கு எப்படித் தெரியுமோ தெரியாது. மாலையானால் சட்டையை மாட்டிக்கொண்டு இரும்புக் கதவருகே வந்து நிற்பார். நான் தொலைக்காட்சியைப் போட்டுவிடுவேன். காலையில் வீட்டுத் துடைப்பத்தை எடுத்து மாடி நடைபாதை முழுவதையும், எல்லோர் வீட்டு வாசலையும், கூட்டிக்கொண்டே போவார். பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி "தெரிமா காசே" என்பார். கோயிலை நான் பறித்துக்கொண்ட பிறகும் அவர் வேலையை அவர் விடவில்லை.

அத்தை தம் அண்ணனுக்குச் செய்ததை நான் என் தந்தைக்குச் செய்யத் தவறினேன். அவர் மறந்ததைப் பெரிய குறையாக எண்ணினேன். மறக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. நினைவூட்டும் கடமை எனக்கு இருந்தது.

கடைசி மூச்சில் இறைவனை நினைக்க வேண்டும் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பகவத் கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் இதைச் சொல்கிறான்: உடலை விடும்போது எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று. இதைக் கேட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். நினைவு தப்பினால் என்ன ஆவது? பக்கவாதம் வந்தால்? என் தந்தையைப்போல் தன் பெயரையே மறந்தால்? ஆனால் கண்ணபிரான் அதோடு நிறுத்தவில்லை. ஆகையால் எல்லாக் காலத்திலும் என்னை நினை, உன் கடமையையும் செய் என்று அடுத்தே சொல்லிவிடுகிறான். கடைசி நொடிக்கென்று தனியாக ஒரு தேர்வு வைக்கவில்லை.

வைணவப் பெரியோர்கள் இதை இன்னும் நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள். திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பூமாலைத் தொண்டு செய்த பெரியாழ்வார், திருவரங்கத்துப் பெருமானிடம் வெளிப்படையாகவே முறையிடுகிறார். உடல் இளைத்துக் கிடக்கும் அந்த வேளையில் உன்னை நினைக்க என்னால் இயலாது. ஆகவே அதற்கும் சேர்த்து இப்பொழுதே சொல்லி வைத்துவிட்டேன், வைத்துக்கொள் என்பது அவர் வேண்டுகோளின் கருத்து. ஆழ்வாருக்கே அந்த அச்சம் இருந்தது என்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் தருகிறது தெரியுமா? வராக சரம சுலோகம் என்று போற்றப்படும் வாக்கிலோ பெருமானே விடை சொல்கிறான். உடலும் மனமும் நலமாயிருந்த காலத்தில் என்னை நினைத்தவன், இறுதியில் கட்டையாய்க் கல்லாய்க் கிடக்கும்போது, அவன் என்னை நினைக்க வேண்டியதில்லை. நான் அவனை நினைக்கிறேன், நான் அழைத்துச் செல்கிறேன் என்கிறான். சைவர் விழாவில் வைணவம் பேசுகிறானே என்று எவரும் கருத வேண்டா. அம்மன் கோயில் மண்டபத்தில் நின்று சிவனடியார் குருபூசையில் பேசுகிறோம்; பெருமாளுக்கும் சற்று இடம் கொடுப்போம்.

2018ஆம் ஆண்டு அப்பா மருத்துவமனையில் 11 நாட்கள் இருந்தார். பேச்சு நின்றுவிட்டது. கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ இருக்கும். வலக்கை மட்டும் படுக்கை விரிப்பின் மேல் இடமிருந்து வலமாக, மெதுவாக, மீண்டும் மீண்டும் தடவிக்கொண்டே இருந்தது. செவிலியர் அவருக்கு ஏதோ வேண்டுமோ என்று பலமுறை வந்து பார்த்தார். மருத்துவரிடம் கேட்டேன். இறுதிக் கட்டத்தில் பல நோயாளிகளிடம் இதைக் காண்கிறோம், விரிப்பைத் தடவுவார்கள், பற்றி இழுப்பார்கள் என்றார். அவர் சொன்னது உண்மை என்றே ஏற்றுக்கொள்கிறேன். என் தந்தை அங்கே கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தார் என்று உங்கள் முன் நின்று சத்தியம் செய்ய நான் துணியமாட்டேன். ஆனால் அந்த அசைவை 20 ஆண்டுகளுக்குமேல் விடியற்காலையில் பார்த்தவன் நான்.

என் மகள் அப்பொழுது மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்காக அப்பர் பதிகம் ஒன்றை மனனம் செய்துகொண்டிருந்தாள். தாத்தாவுக்குப் பாடு என்று சொன்னேன். கட்டிலருகே நின்று தாழ்ந்த குரலில் பாடினாள். மூன்றாம் பாடலில் ஓரடி மறந்தது. வெட்கப்பட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் வரவில்லை. கை மட்டும் முன்போலவே அசைந்துகொண்டிருந்தது. நெற்றியில் திருநீறு இட்டேன். இரண்டு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைகளில் இட வேண்டியதையெல்லாம் சேர்த்து இட்டதுபோல் கொஞ்சம் அதிகமாகவே இட்டுவிட்டேன். செவிலியர் வந்து கண்ணில் விழாமல் துடைத்துவிட்டார். அன்று இரவு அவர் சிவலோகம் சேர்ந்தார்.

அன்பர்களே, சென்ற மாதம் செயலவை கேட்டுக்கொண்டபடி நமது உறுப்பினர் பதிவேட்டைத் திருத்தி எழுதும் பணியைச் செய்தேன். சந்தா செலுத்தாதவர் என்று குறிக்கப்பட்டிருந்த பெயர்களை வீடு வீடாகச் சென்று விசாரித்தோம். அவர்களில் பலர் இந்த ஆலயத்திற்குச் செங்கல் சுமந்தவர்கள். 'கோத்தோங் ரோயோங்' என்று அழைத்தால் முதல் ஆளாய் மண்வெட்டியோடு வந்து நின்றவர்கள். இன்று ஒருவருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு வாரம் மும்முறை. ஒரு பாட்டிக்குக் கண் தெரியவில்லை. ஒருவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார், மின்தூக்கி இல்லை. ஒரு தாத்தா என்னைப் பார்த்ததும் கேட்டது, "கோயில்ல என் இடத்துல இப்ப யாரு தம்பி மணி அடிக்கிறா?" என்பதுதான். அவர் பெயருக்கு எதிரேயும் சந்தா செலுத்தாதவர் என்றே எழுதியிருந்தது. அழித்துவிட்டேன்.

இவர்கள் இறைவனை விட்டவர்கள் அல்லர். நாம்தான் இவர்களை அழைத்து வருவதை விட்டவர்கள். ஆகவே செயலவையின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் கார் வைத்திருப்போர் முறை வைத்து இவர்களை அழைத்து வருவது. ஏழரை மணிக்குத் திரும்பக் கொண்டு விடுவது. சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் பக்கவாசல் படியில் சாய்தளம் போடும் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. வர இயலாதவர்களின் வீட்டிற்குத் திருமுறை வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருவராக, பெற்றோர் துணையோடு, பிரசாதம் கொண்டு சென்று ஒரு பதிகம் பாடிவிட்டு வருவார்கள். நடுவில் மறந்தால் முதலிலிருந்து பாடலாம். பாட்டிமார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று: தீபாராதனையின்போது எவரேனும் குனிந்து பூப்பொறுக்கத் தொடங்கினால், தயவுசெய்து காலைத் தூக்குங்கள்.

பெயர்ப் புத்தகத்தைக் காலணி வைக்கும் இடத்திற்கு அருகே மேசையில் வைத்திருக்கிறோம். எந்தக் குடியிருப்பு, எத்தனை பேரை ஏற்றிக்கொள்ள முடியும், எந்த வெள்ளிக்கிழமை என்று எழுதினால் போதும். முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. என் காரில் பின்னிருக்கையில் மூவர் அமரலாம். பேனாவைக் கயிற்றில் கட்டித்தான் வைத்திருக்கிறோம், தேட வேண்டியதில்லை. அன்னதான வரிசையில் நிற்கும்போதே எழுதிவிடலாம். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.